குறைத்த குப்பைக்கும் கூலி வேண்டும்



வடசென்னைக் கொடுங்கையூரில் மாநகராட்சி குப்பையைத் தோண்டிக்கொண்டிருக்கிறது. 252 ஏக்கர் பரப்பில், பல பத்தாண்டுகளாகக் கொட்டிக் குவித்த ஏறக்குறைய 66 லட்சம் டன். பொக்லைன் அள்ளிப் போடப் போட, சல்லடை உருளை சுழன்று மண்ணை ஒரு பக்கமும் கல்லை ஒரு பக்கமும் நைந்த துணியையும் பிளாஸ்டிக்கையும் இன்னொரு பக்கமும் தள்ளுகிறது. திட்டத்தின் மதிப்பு சுமார் 640 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வரும். தெற்கே பெருங்குடியில் இதே வேலைக்கு 350 கோடி ரூபாய். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கும் அந்தக் கிடங்கு 2022 ஏப்ரலில் தீப்பிடித்து நாட்கணக்கில் புகைந்ததை அந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தக் குப்பை முழுவதையும் ஒரு காலத்தில் காசு கொடுத்துத்தான் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். லாரி வாடகை, டீசல், ஓட்டுநர் சம்பளம், ஒப்பந்தக்காரர் பில் எல்லாம் வரிப்பணம். இப்போது அதே குப்பையை எடுக்க மறுபடியும் வரிப்பணம். நகரத்துக் குப்பையில் பாதிக்கு மேல் மக்கும் குப்பை. அதைத் தெருவிலேயே உரமாக்கி, அட்டையையும் பாட்டிலையும் பால் கவரையும் வீட்டிலேயே பிரித்து வாங்கியிருந்தால் இந்த இரண்டு செலவிலும் பெரும்பகுதி வந்தே இருக்காது. பிரிக்கவும் குறைக்கவும் அன்று பணம் ஒதுக்கப்படவில்லை. இன்றும் போதிய அளவு ஒதுக்கப்படுவதில்லை. அந்தப் பணம் எங்கிருந்து வர வேண்டும், வந்தால் எதற்குப் போக வேண்டும் என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள்.

கடமை யாருடையது என்பதில் சட்டத்துக்குக் குழப்பமே இல்லை. 1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் திடக்கழிவு மேலாண்மையும் ஆறாவது இனம். 1996இல் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கைத் தொடர்ந்து 2000இல் முதல் விதிகள் வந்தன. 2016இல் அவற்றுக்குப் பதிலாக வந்த விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று வாசலிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களை அமைப்புக்குள் சேர்க்கச் சொல்லின. வீடுகளிடமும் கடைகளிடமும் கட்டணம் வாங்கிக்கொள்ள உள்ளாட்சிக்கு அனுமதியும் தந்தன. கடமைப் பட்டியல் நீளமாகவும், அதற்கான பணம் பற்றிய பகுதி மெலிந்தும் போன விதிகள் அவை.

மேலிருந்து பணமே வரவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2014 அக்டோபர் 2இல் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியது. 2021இல் நகரங்களுக்கான அதன் இரண்டாம் கட்டம் சுமார் 1,41,600 கோடி ரூபாய் மதிப்பில் வந்தது. பதினைந்தாம் நிதிக் குழு 2021 முதல் 2026 வரை நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 1,21,055 கோடி ரூபாய் மானியம் பரிந்துரைத்தது. பத்து லட்சத்துக்கும் குறைந்த மக்கள்தொகையுள்ள ஊர்கள் அதில் 30 விழுக்காட்டைத் துப்புரவுக்கும் திடக்கழிவுக்கும் செலவிட வேண்டும் என்றது. பெரிய தொகைகள்தாம். ஆனால் இயக்கப் பணத்தில் கொட்டகை கட்டலாம், எந்திரம் வாங்கலாம், பழைய மேட்டைத் தோண்டலாம். கொட்டகைக்குள் நின்று பிரிக்கிறவரின் மாதச் சம்பளத்துக்கு அதில் இடமில்லை. நிதிக் குழு மானியமோ ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுக் கணக்கு, புது நிபந்தனை.

இதன் விளைவைப் பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஒரு நகராட்சியின் நுண் உரமாக்கும் மையத்துக்குள் காலை பத்து மணிக்குப் போய் நிற்க வேண்டும். தகரக் கூரை, வரிசையாக சிமெண்ட் தொட்டிகள், நடுவில் குப்பையைத் துண்டாக்கும் எந்திரம். பேட்டரி வண்டி வந்து கொட்டியதும் இரண்டு பெண்கள் குனிந்து கையால் கிளறுகிறார்கள். வாழை இலைக்குள் சுருண்டிருக்கும் பிளாஸ்டிக் தம்ளரை எடுக்கிறார்கள். சாம்பார் கட்டிய பார்சல் கவரை உதறுகிறார்கள். டயப்பரைத் தனியே வைக்கிறார்கள். கண்ணாடிச் சில்லு குத்தாமல் கையை இழுக்கிறார்கள். பிரித்தது எந்திரத்துக்குள் போய்த் தொட்டியில் விழுகிறது. நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, சில நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டால் நாற்றம் அடங்கி, சில வாரங்களில் கறுத்த பொடியாகிறது. எந்திரத்தின் பெல்ட் அறுந்தால், மோட்டார் எரிந்தால், மின்கட்டணம் கட்டாமல் விட்டால், இரண்டு பெண்களில் ஒருவரைத் தெருக்கூட்ட மாற்றினால் மையம் ஒரே வாரத்தில் நாறத் தொடங்கும். பக்கத்து வீட்டார் மனு எழுதுவார்கள். அடுத்த மாதம் வண்டி நேராகக் குப்பைமேட்டுக்கே போகும். கட்டடம் அரசுக் கணக்கில் சொத்தாக நிற்கும், வேலை நடக்காது. பெல்ட் வாங்கும் காசும் இரண்டு பேர் சம்பளமும் அந்தக் கட்டடத்தின் விலைக்கு முன்னால் அற்பம், ஆனால் அந்தச் சிறு தொகைக்குக் கணக்குத் தலைப்பு கிடையாது.

கிராமங்களில் நிலைமை இன்னும் வெளிப்படை. தமிழ்நாட்டு ஊராட்சிகளில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தூய்மைக் காவலர்கள் வேலை செய்கிறார்கள். மூன்றுசக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடுவீடாகப் போய்க் குப்பை வாங்கிப் பிரிப்பவர்கள் அவர்களே. மாதம் 3,600 ரூபாயாக இருந்த அவர்களுடைய மதிப்பூதியம் பல கோரிக்கைகளுக்குப் பிறகு 5,000 ரூபாயானது. இதைச் சம்பளம் என்று அரசே அழைப்பதில்லை. கிராமங்களின் மறுசுழற்சி இந்த ஊதியத்தின் மேல் நிற்கிறது என்பதை மேடைகளில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. சென்னையில் 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தங்கள் வேலை தனியாரிடம் போவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் இரவும் பகலும் அமர்ந்தார்கள். நள்ளிரவில் கைது செய்யப்படும் வரை அந்தப் பெண்கள் கேட்டது நிலையான வேலையும் கைக்கு வந்துகொண்டிருந்த ஊதியமும்தான்.

பணம் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பது எவ்வளவு கொடுக்கப்படுகிறது என்பதைவிட முக்கியமானது. சென்னையில் 2000ஆம் ஆண்டில் குப்பை அள்ளும் பணி முதன்முறையாகத் தனியாருக்குப் போனது. நெடுங்காலம் எடைமேடையில் ஏறும் டன்தான் பில்லுக்கு அளவு. எடைக்குக் காசு என்றால், குப்பை கூடக்கூட வருமானம் கூடும். பிரிப்பதற்கும் குறைப்பதற்கும் அந்த ஒப்பந்தக்காரருக்கு எந்தக் காரணமும் இருக்காது. கட்டட இடிபாடும் மண்ணும் லாரியில் சேர்கின்றன என்ற புகார் எழுந்ததில் வியப்பில்லை. 2020இல் தொடங்கிய ஒப்பந்தங்களில் எடையை விட்டுச் செயல்பாட்டு அளவுகோல்களுக்குப் பணம் என்று மாற்றினார்கள். திசை சரியானது. அந்த அளவுகோல்களில் பிரித்து வாங்கியதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதையும், வார்டு வாரியாக அது எப்படி இருக்கிறது என்பதையும் மக்கள் பார்வைக்கு வைப்பது அடுத்த வேலை.

கொடுங்கையூரிலேயே நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்று திட்டத்தில் இருக்கிறது. வடசென்னை மக்கள் 2025 மே மாதம் மனிதச் சங்கிலியாக நின்று அதை எதிர்த்தார்கள். புகை பற்றிய அச்சம் அவர்களுக்கு. அந்த அச்சத்துக்கு அனல்மின் நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் சூழ்ந்த ஊரில் காரணம் உண்டு. இந்தச் சொற்பொழிவின் கோணத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எரிஉலைக்குத் தினமும் தீனி வேண்டும். இத்தனை டன் தருகிறோம் என்று ஒரு நகரம் பல்லாண்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால், குப்பையைக் குறைப்பது அந்த நகரத்துக்கே நட்டமாகிவிடும். நன்றாக எரிவது அட்டையும் பிளாஸ்டிக்கும். மறுசுழற்சிக்கு விலை போவதும் அவையே.

இனி நடந்து காட்டிய இடங்கள்.

வேலூரைச் சேர்ந்த சி. சீனிவாசன் குப்பையை வளமாக மட்டுமே பார்க்கும் முறை ஒன்றை உருவாக்கிப் பல ஊர்களுக்கு எடுத்துச் சென்றார். சத்தீஸ்கரின் அம்பிகாபூர் அதை 2014-15 வாக்கில் முழு நகரத்துக்கும் எடுத்துக்கொண்டது. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் வீடுவீடாக வாங்குகிறார்கள். மையத்துக்கு வந்ததும் மக்காத குப்பை மட்டுமல்லாமல், மக்கும் குப்பைக்குள்ளேயே முட்டை ஓடு, பழத்தோல், காய்கறிக் கழிவு என்று தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். பிரிக்கப் பிரிக்க விலை கூடும் என்பது காயலான் கடைக்காரருக்குத் தெரிந்த கணக்கு. நகராட்சிக்கு அது புதிது. விற்ற காசும் வீட்டார் தரும் கட்டணமும் சேர்ந்து அந்தப் பெண்களின் ஊதியமாகின்றன. நகரத்தின் பழைய குப்பைமேடு பூங்காவாகிவிட்டது. வேலூரில் பிறந்த யோசனை தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் வேர்பிடிக்காமல் அம்பிகாபூரில் பிடித்ததற்குக் காரணம், அங்கே முதல் நாளிலிருந்து ஊதியத்துக்கான வழியையும் சேர்த்துத் திட்டமிட்டதுதான்.

கேரளம் அடிபட்டுக் கற்றது. ஆலப்புழை நகரத்தின் குப்பையைச் சுமந்த சர்வோதயபுரத்து மக்கள் 2012 வாக்கில் லாரிகளை மறித்தார்கள். கொட்ட இடமில்லாத நகரம் வீட்டுக்கு வீடு உரக்கூடை, உயிரி எரிவாயுக் கலன், தெருவுக்குத் தெரு காற்றோட்டமுள்ள உரத்தொட்டி என்று மாறியது. கொஞ்சம் காய்ந்த இலை, கொஞ்சம் குப்பை, சாணம் என்று அடுக்கடுக்காகப் போடும் தொட்டிகள், ஏறக்குறைய தொண்ணூறு நாளில் உரம். கொச்சிக்கு அந்தப் பாடம் தாமதமாகவே வந்தது. 2023 மார்ச் 2ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைமேடு பற்றிக்கொண்டு பன்னிரண்டு நாள் அளவுக்குப் புகைந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் விதித்தது.

அதன் பிறகு மாநிலம் முழுவதும் முடுக்கிவிடப்பட்டது ஹரித கர்ம சேனை. கேரள மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீயைச் சேர்ந்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வீட்டு வாசலில் வாங்குகிறார்கள். கதவருகே ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டைக் கைபேசியில் பதிவு செய்கிறார்கள். ஊராட்சியில் மாதம் 50 ரூபாயும் நகரத்தில் 70 ரூபாயும் கட்டணமாகப் பெற்று ரசீது தருகிறார்கள். கட்டணம் அவர்கள் வருமானத்தின் முதுகெலும்பு. தொடக்கத்தில் பல வீடுகள் கதவைத் திறக்கவில்லை. குப்பைக்கு எதற்குக் காசு என்று கேட்டார்கள். கேரள அரசு பின்வாங்கவில்லை. பாக்கியை வரிபோல் வசூலிக்கச் சட்டத்தையே திருத்தியது. குறை இல்லாத ஏற்பாடு என்று சொல்ல முடியாது. விலை போகாத மெல்லிய பிளாஸ்டிக் மலைபோல் சேர்கிறது. அதை அப்புறப்படுத்த உள்ளாட்சியே பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதைத் தயாரித்தவர் ஏன் ஒரு பைசா தருவதில்லை என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. அதற்குச் சற்றுப் பிறகு வருவோம்.

புனேயில் 1993இல் குப்பை பொறுக்குவோர் தங்களுக்கென்று ஒரு தொழிற்சங்கம் கண்டார்கள். 2008இல் அவர்களுடைய ‘ஸ்வச்’ கூட்டுறவு மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. வீட்டுக் கட்டணமும் பிரித்த பொருளின் விற்பனையும் அவர்களுக்கே. மாநகராட்சிக்குச் செலவு குறைவு, உழைப்பவருக்கு அடையாள அட்டை, வீட்டுக்குத் தெரிந்த முகம்.

வெளிநாடுகளில் ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1989இல் எளிய ஏற்பாடு ஒன்று செய்தது. குப்பை அள்ளும் ஒவ்வொரு பில்லிலும் வரி. இப்போது அது வீடுகளுக்கு 9.75 விழுக்காடு, வணிக நிறுவனங்களுக்கு 17 விழுக்காடு. அந்த வரியின் ஒரு பங்கு மறுசுழற்சிக்கும் குறைப்புக்குமான மானியமாக மாவட்டங்களுக்குத் திரும்புகிறது. மாவட்டம் கால்பங்கைத் தன் கையிலிருந்து சேர்க்க வேண்டும், ஆண்டுதோறும் எவ்வளவு திரட்டினோம் என்று கணக்குக் காட்ட வேண்டும். குப்பையைக் கொட்டுகிற செயலே குறைக்கிற செயலுக்குப் பணம் தருகிறது. அங்கேயும் வரியின் ஒரு பகுதியை மாநிலப் பொது நிதி நீண்ட காலம் எடுத்துக்கொண்டது. மாவட்டங்கள் அதைக் கேட்டு மன்றாடின. தனி நோக்கத்துக்கு விதித்த வரியைக் கஜானா விழுங்கும் வழக்கம் எல்லா ஊரிலும் ஒன்றே. பிரிட்டன் 1996 அக்டோபரில் நிலத்தில் புதைக்கும் குப்பைக்கு டன்னுக்கு 7 பவுண்டு வரி போட்டது. ஆண்டாண்டாக உயர்த்தி இப்போது அது 100 பவுண்டைத் தாண்டிவிட்டது. புதைப்பது நட்டமானதால் உள்ளாட்சிகள் பிரிக்கத் தொடங்கின: இங்கிலாந்தில் 2000-01இல் 11 விழுக்காடாக இருந்த வீட்டுக் குப்பை மறுசுழற்சி 40ஐக் கடந்தது. கடந்த பத்தாண்டில் அது அங்கேயே தேங்கிவிட்டதையும் சொல்ல வேண்டும். எரிப்பதற்குப் போகும் குப்பை கூடிவிட்டது. தென்கொரியா 1995 முதல் குப்பை போடும் பைக்கே விலை வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னை மாநகராட்சி 2021 ஜனவரி முதல் வீடுகளுக்குக் குப்பைக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் கைவிட்டது. மக்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. சொத்துவரி கட்டுகிறோம், தொட்டி வழிகிறது, இன்னும் எதற்கு என்றார்கள். குடிசையிலிருந்தும் அடுக்குமாடியிலிருந்தும் ஒரே தொகை வாங்கினால் அது அநீதி. கட்டணம் வாங்கத்தான் வேண்டும். அதற்கு முன்னால் மூன்று காரியம் நடக்க வேண்டும். பிரித்துக் கொடுக்கிற வீட்டுக்குக் கட்டணம் குறைய வேண்டும். வசூலான பணம் அந்த வார்டின் பணியாளர் ஊதியத்துக்கும் உர மையத்துக்கும் போகிறது என்று மையத்தின் சுவரிலேயே எழுதி வைக்க வேண்டும். முதல் வசூல் பெரிய இடங்களில் தொடங்க வேண்டும்: நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்குவோர் தங்கள் குப்பையைத் தாங்களே கையாள வேண்டும் என்றது 2016 விதி. ஒரு முகூர்த்த நாளில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்வாசலில் சேரும் இலையும் சோறும் தண்ணீர் பாட்டிலும் ஒரு தெருவின் குப்பையைவிட அதிகம். அதை இன்றும் பல ஊர்களில் நகராட்சி வண்டிதான் அள்ளுகிறது.

தயாரிப்பாளர் தர வேண்டிய பங்கு பற்றித் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல சாட்சி உண்டு. உடைந்த மதுப்பாட்டில்கள் காட்டு விலங்குகளின் காலைக் கிழிப்பது குறித்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டில் திரும்பப் பெறும் திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதல்; காலிப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பும். பத்துப் பாட்டிலில் ஒன்பதுக்கும் மேல் திரும்பி வந்தன.  பிறகு கோவை, பெரம்பலூர் என்று மற்ற மாவட்டங்களுக்கும் போனது. கடை ஊழியர்களுக்கு வேலைப்பளு கூடியது, வைக்க இடமில்லை என்ற குறை உண்மை. அதற்கு ஆளும் இடமும் கொடுப்பது விற்கிறவர் பொறுப்பு. காட்டோரத்து ஊராட்சி ஒரு ரூபாய் செலவழிக்காமல் அதன் குப்பை குறைந்தது. இதே பத்து ரூபாய் முறையைத் தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பான பாட்டிலுக்கும் மாநில அரசு கொண்டுவர வேண்டும்.

பிளாஸ்டிக் உறைகளுக்கு ஒன்றிய அரசு 2022 பிப்ரவரியில் தயாரிப்பாளர் பொறுப்பு விதிகளை வகுத்தது. நிறுவனங்கள் சந்தையில் விடும் பிளாஸ்டிக்குக்கு ஈடாக மறுசுழற்சிச் சான்றிதழ் வாங்க வேண்டும். சான்றிதழ் தருபவர் மறுசுழற்சி ஆலைக்காரர், வாங்குபவர் நிறுவனம். அந்தக் கவரைத் தெருவில் பிரித்தெடுத்த பெண்ணுக்கும் அவளுக்கு ஊதியம் தரும் ஊராட்சிக்கும் இந்த வியாபாரத்தில் இருக்கை இல்லை. 2023இல் ஆறு லட்சம் போலிச் சான்றிதழ்களை மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் கண்டுபிடித்தது. காகிதம் காகிதத்தோடு பேசிக்கொள்ளும் இடத்தில் இது நடக்கத்தான் செய்யும். உள்ளாட்சியின் வள மீட்பு மையத்தில் எடைபோட்டு ஒப்படைத்த பிளாஸ்டிக்குக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று நிறுவனங்கள் நேரடியாக உள்ளாட்சிக்குக் கட்ட வேண்டும் என்று விதியை மாற்றினால் எடையும் உண்மையாகும், பணமும் உழைத்த இடத்துக்கு வரும்.

மாநில அரசு செய்ய வேண்டியது ஒன்று மீதமிருக்கிறது. குப்பைமேட்டுக்குப் போகும் ஒவ்வொரு டன்னுக்கும் உள்ளாட்சிக்கு ஆகும் செலவு தெரியும். முந்திய ஆண்டைவிடக் குறைவாக அனுப்பிய உள்ளாட்சிக்கு, குறைந்த டன்னுக்கு அந்தச் செலவில் பாதியை மானியமாகத் திருப்பிக் கொடுக்கட்டும். அதைப் பிரிப்பவர் ஊதியத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று நிபந்தனை வைக்கட்டும். குறைத்தவருக்குக் கூலி கிடைக்காத வரை யாரும் குறைக்கப் போவதில்லை.

அவையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரங்களில் பகுதி சபைகள் இருக்கின்றன. அடுத்த கூட்டத்துக்குப் போய் மூன்று எண்களைக் கேளுங்கள். சென்ற ஆண்டு குப்பையைத் தூக்கிக் கொட்ட ஆன செலவு எவ்வளவு? பிரிக்கவும் உரமாக்கவும் ஆன செலவு எவ்வளவு? பிரிப்பவருக்குக் கையில் கிடைத்த மாத ஊதியம் எவ்வளவு? எண்களைச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால், உங்கள் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.